நாலாம் நம்பர் நிற்கிறது

ஃபஹீமாவைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லாதவர்கள் அவள் வீட்டிலும் இல்லை, ஆபீசிலும் இல்லை. கிழக்குத் தாம்பரத்தில் தெருமுனை வரை ஸ்கூட்டரில் வந்துவிட்டு, கேஸை மூடினோமா என்று பார்க்கத் திரும்பிப் போகிறவள். வெயில் கொளுத்தும் மே மாதத்தில்கூட சுரங்கப் பாதைக்குள் இறங்க மாட்டாள், தண்ணீர் நிற்குமாம். இப்படிப்பட்டவர்களைக் கேலி செய்வது ரொம்பச் சுலபம். அவர்களால் தப்பித்தவர்கள் அதை வெளியில் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

அவளுடைய பயங்களில் பெரிய பயம் கணவன் அசாரின் கைகளைப் பற்றியது. மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அவன் ஃபிட்டர். இரும்புத் தகட்டை ஒரே அடியில் வளைக்கும் பிரஸ் மெஷின்களுக்குள் கையை விட்டுச் சரி செய்கிற வேலை. கல்யாணத்துக்கு வந்த அவன் கூட்டாளி குமரேசன், இடது கையில் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு தடுமாறித் தடுமாறி பிரியாணி சாப்பிட்டதை அவள் பார்த்துவிட்டாள். பிரஸ் நசுக்கியது போக வலது கையில் இரண்டு விரல்தான் மிச்சம். அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

அவளுக்கு மேடவாக்கத்தில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. அங்கேயே அசாரின் கம்பெனி ஓர் ஆர்டர் கொடுத்தது. எந்த பிரஸ் ஓடுகிறது, எது நிற்கிறது என்று பெரிய திரையில் காட்ட வேண்டும். பிரஸ் தலையை மேலே தூக்கியபடி அடுத்த தகட்டுக்காகக் காத்திருக்கும்போது, ஓடுகிறதா நிறுத்தியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதற்காக ஒவ்வொரு தடவையும் ஸ்விட்ச் பெட்டி வரை நடக்க வேண்டியதில்லை, திரையைப் பார்த்தால் போதும் என்பது ஏற்பாடு. ஃபஹீமா அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

திரையில் பல பகுதிகள். மேலே எல்லா மெஷின்களும் ஒரு வரிசையாக; கீழே ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய கட்டம். எல்லாம் ஒரே பொது இடத்திலிருந்து மெஷினின் நிலையை எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கேதான் தகராறு. மெஷினில் மாட்டிய சென்சார் ‘ஓடுகிறது’ என்று சொல்லலாம், ‘நிற்கிறது’ என்று சொல்லலாம், ஒன்றுமே சொல்லாமலும் போகலாம். கட்டத்துக்கோ ஓடுகிறதா, இல்லையா என்ற இரண்டைத் தவிர வேறெதுவும் தெரியாது. கொடுப்பதும் வாங்குவதும் ஒரே வகை இல்லை என்று கம்ப்யூட்டரில் அவள் எழுதிய வரியின் கீழே சிவப்புக் கோடு விழுந்தது.

டீம் லீட் ஸ்ரீரங்கன் எட்டிப் பார்த்தார். “நாளைக்கு டெமோவை வெச்சுக்கிட்டு இதுல போய் உட்கார்ந்திருக்கீங்களே ஃபஹீமா. ‘எனி’ன்னு போட்டு விடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்.”

‘எனி’ என்றால், எது வந்தாலும் வாங்கிக்கொள், கேள்வி கேட்காதே என்று அர்த்தம். எச்சரிக்கிறவன் வாயைப் பொத்துகிற வேலை. ஃபஹீமாவுக்கு ஸ்ரீரங்கனைக் கண்டாலும் பயம். போட்டாள். சிவப்பு மறைந்தது. டெமோவில் எல்லோரும் கை தட்டினார்கள்.

ஆனாலும் அவளுக்கு மனசு ஆறவில்லை. அடுத்த வாரம் ஒரு மழைக் காலையில் அதைச் சரி செய்ய உட்கார்ந்தாள். ‘எனி’யை எடுத்துவிட்டு, பொது இடத்தில் ‘தெரியவில்லை’ என்று மூன்றாவதாக ஒரு நிலையை எழுதினாள். எழுதியதும் ஃபைலுக்கு ஃபைல் சிவப்பு கிளம்பியது. ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே வந்தவள், அந்தப் பெரிய கட்டத்துக்கு வந்ததும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். சென்சாரிலிருந்து தகவல் வராவிட்டால் ‘ஓடுகிறது’ என்று சொல்ல யாரும் இல்லை. அதனால் கட்டம் ‘நிற்கிறது’ என்று பச்சை காட்டும். பச்சை காட்டினால் ஃபிட்டர் உள்ளே கை விடுவான்.

ஸ்ரீரங்கன் பக்கம் திரும்பினாள். “சார், அந்த ஸ்க்ரீன் இன்னும் டெமோலதான இருக்கு?”

“நேத்து சாயங்காலமே ஃபேக்டரி லைன்ல போட்டாச்சே. அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு.”

காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே அசார் சொன்னது அப்போதுதான் உறைத்தது. “மழை வந்தா அந்த சென்சார் பொட்டி ஒரே பேஜாரு. சிக்னல் வுட்டு வுட்டு வருது.” ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அசாருக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மெஷின் இருக்கும் இடத்துக்குப் போன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் கிடக்கும். மறுபடியும் போட்டாள். மறுபடியும் அதே.

“பதறாதீங்க. அவங்க மேனேஜருக்கு நான் மெயில் போடறேன்,” என்றார் ஸ்ரீரங்கன். “அவங்களைக் கேக்காம எதையும் தொடாதீங்க. அப்புறம் வேலை போயிடும்.”

மெயிலை எப்போது பார்ப்பார்கள்? மதியத்துக்கா, சாயங்காலத்துக்கா? எதற்கும் நாலு பேரைக் கேட்டுச் செய்கிறவள் அன்றைக்கு யாரையும் கேட்கவில்லை. எல்லாக் கட்டத்தையும் சிவப்பாக்கி, ‘நிலை தெரியவில்லை. உள்ளே கை வைக்காதீர்கள்’ என்று ஒரே வரியைப் போட்டு ஃபேக்டரித் திரையில் ஏற்றிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஸ்ரீரங்கனின் போன் அடித்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தவர் முகம் கறுத்திருந்தது. “யாரைக் கேட்டு இதைச் செஞ்சீங்க? அங்க ரிப்பேர் வேலையெல்லாம் நின்னு போச்சாம்.”

அவள் பதில் சொல்வதற்குள் அவள் போனும் அடித்தது. தெரியாத நம்பர். ஸ்பூனைப் பிடித்த குமரேசனின் இடது கைதான் கண்முன் வந்தது. எடுக்கவே தைரியம் வரவில்லை. அடித்து ஓயப்போகிற நேரத்தில் எடுத்தாள்.

“நான்தான். சூப்பர்வைசர் போன்ல பேசிகினு கீறேன்.” அசாரின் குரல். “அந்த ஸ்க்ரீன மாத்துனது நீயா?”

“உங்க கை நல்லா இருக்கா?”

“இருக்குது.”

“ரெண்டும்?”

“ரெண்டும் இருக்குது ஃபஹீமா.” அசார் மெதுவாகச் சொன்னான். “நாலாம் நம்பர் நிக்குதுன்னு பச்சை காட்டிச்சு. கிளவுஸ் மாட்டிகினு கிட்டக்கப் போய்ட்டேன். செவப்பா ஆச்சேன்னு நின்னேன். நான் நின்னப்புறம் அது எறங்கிச்சு.”

ஃபஹீமா கேவிக் கேவி அழுதாள். போனுக்குள் அசாரின் மூச்சுக்குப் பின்னால், யாரும் இன்னும் நிறுத்தாத நாலாம் நம்பர் பிரஸ் மறுபடியும் இறங்குகிற சத்தம் கேட்டது.