தங்கைக்கு நான் போட்டுக் கொடுத்த ஒன்றரை நாள்

என் உடன்பிறந்த தங்கை என் வீட்டுப் படி ஏறாமல் இருப்பதற்காக அவளை நல்ல ஹோட்டல் ஒன்றில் தங்கவைத்தேன். அவளுக்கு உடம்பில் வெண்புள்ளிகள் உண்டு. அன்றைக்கு என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கண்ணில் அவள் பட்டுவிடக் கூடாது என்று நினைத்தேன். செய்தது இதுதான். இதையே நாசூக்காகச் சொல்லவும் எனக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் கல்லூரியில் பாடம் நடத்தியவன். நாசூக்காகச் சொல்லியே நாலு வருஷம் ஓட்டினேன்.

நான் நடத்திய பாடம் விலங்கியல். தோலுக்கு நிறம் தரும் செல்கள் சில இடங்களில் வேலையை நிறுத்திவிடுகின்றன, வெண்புள்ளி என்பது அவ்வளவுதான், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். ஒரு மாணவி எழுந்து, அப்படியானால் கல்யாணத்தில் ஏன் சார் அதைப் பார்க்கிறார்கள் என்று கேட்டாள். "அறியாமை" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

நாங்கள் பெங்களூர் ஜீவனஹள்ளியில் பிறந்து வளர்ந்தவர்கள். தங்கைக்குப் பத்தொன்பது வயதில் உதட்டுக்குக் கீழே முதல் புள்ளி வந்தது. பிறகு கண்களைச் சுற்றி. பிறகு இரண்டு கைகளிலும் முழங்கை வரை. மூன்று இடங்களிலிருந்து வந்து பார்த்தார்கள், கேக்கும் மிக்சரும் சாப்பிட்டார்கள், கடிதம் போடுகிறோம் என்று போனார்கள். நாலாவது இடத்தை அவளே வேண்டாமென்று சொல்லிவிட்டு, திண்டுக்கல்லில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியை வேலைக்குப் போனாள். அங்கேயே தங்கிவிட்டாள். ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிதாகச் சேர்ந்த ஏதாவது ஒரு பிள்ளை, மிஸ் கையில் வெள்ளைப் பெயின்ட் ஒட்டியிருக்கிறது என்று மக்கில் தண்ணீர் கொண்டுவருமாம். இவள் கையை நீட்டிக்கொண்டு, அது தேய்த்துத் தேய்த்து ஓயும்வரை சும்மா இருப்பாளாம். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

ஓய்வு பெற்ற வருஷம், கல்கத்தாவில் இருந்த பழைய தோழி ஒருத்தியைப் பார்க்கக் கிளம்பினாள். சனிக்கிழமை விடியற்காலை ரயில் பெங்களூருக்கு வந்து சேரும். விமானம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். போனில் அவள் குரலே துள்ளியது. ஒன்றரை நாள் கையில் இருக்கிறது, ராத்திரி உன் வீட்டில் படுத்துக்கொள்கிறேன், பகலில் ஓவியக்கூடங்களில் நல்ல படங்களாகப் பார்க்க வேண்டும், நல்ல தோசை தின்ன வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றாள். நான் சரி சரி என்றேன். போனை வைத்த பிறகுதான் அந்தச் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஒயிட்ஃபீல்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவது நினைவுக்கு வந்தது.

என் மனைவியைக் குறை சொல்ல இதில் இடமில்லை. அவள் சொன்னது இது: "வந்தா வரட்டுமே. அவங்க இல்லாமலா கல்யாணம் நடக்கப்போவுது? என்னிக்காவது தெரியத்தானே போவுது." முதலில் பேச்சு முடியட்டும், பிறகு தெரிந்தால் ஒன்றுமில்லை என்றேன் நான். அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தங்கைக்குத் திரும்ப போன் போட்டு, வீட்டில் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்கள், உனக்கோ இளைப்பு, அந்த வாடை ஆகாது என்றேன். மகளிடம், அத்தை இந்த முறை ஓவியக்கூடங்களுக்குப் பக்கத்திலேயே தங்க ஆசைப்படுகிறார்கள் என்றேன். ஒரே பொழுதில் இரண்டு பொய். இரண்டுக்கும் நான் தடுமாறவில்லை.

பிறகு திட்டம் போட உட்கார்ந்தேன். இதைச் சொல்லத்தான் எனக்கு அதிக வெட்கம். அந்தத் திட்டத்தை நான் ஆசை ஆசையாகப் போட்டேன். வசந்த நகரில் நாலு ஹோட்டல்களுக்கு நேரில் போய் அறையைத் திறந்து காட்டச் சொன்னேன். ஒன்றில் ஜன்னலைத் திறந்தால் சுவர், ஒன்றில் கீழே பார் என்று தள்ளிவிட்டு, மழைமரக் கிளை ஜன்னலைத் தொடும் ஒரு மூன்றாவது மாடி அறையைப் பிடித்தேன். பேலஸ் ரோட்டில் பழைய மாளிகை ஒன்றை ஓவியக்கூடமாக்கியிருக்கிறார்களே, அங்கே முன்கூட்டியே போய் எந்த மாடியில் எந்தக் காலத்துப் படங்கள், உட்கார பெஞ்சு எங்கே என்று குறித்துக்கொண்டேன். தோசைக்காக மூன்று நாள் மூன்று கடைகளில் காலை டிபன் சாப்பிட்டேன். எல்லாவற்றையும் இரண்டு தாளில், என் நல்ல கையெழுத்தில், மணி போட்டு எழுதினேன். அவளுக்காக அதற்கு முன்னால் நான் அத்தனை சிரமம் எடுத்ததில்லை. அவளை வெளியே நிறுத்துவதற்கு எடுத்த சிரமத்தில் பாதியை உள்ளே அழைப்பதற்கு எடுத்திருந்தால் போதும்.

கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி அறைக்கு வந்ததும் அவள் அந்தத் தாள்களைப் படித்தாள். "நான் வேலைக்குப் போன புதுசுல எட்டு லெட்டர் போட்டேன். நீ பதிலுக்கு ஒரு போஸ்ட் கார்டு போட்டே, அதுலயும் மூணு வரி. இப்ப ரெண்டு பக்கமா? வயசாகுது அண்ணா உனக்கு," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. நான் ஜன்னலைத் திறக்கப் போனேன்.

காலை முழுவதும் ஓவியக்கூடத்தில் இருந்தோம். அவள் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் முதலில் தூரத்தில் நிற்பாள், பிறகு காவலாளி இருமும்வரை கிட்டே போவாள். இந்த நீலத்தை இவன் எப்படிக் கலந்திருப்பான் என்று தனக்குத்தானே பேசிக்கொள்வாள். மூன்று மணிக்கு, வீட்டில் பெயின்டர்களைப் பார்க்க வேண்டும் என்று நான் கிளம்பினேன். மாலைக்கு அவளுக்கு மாணவர் கண்காட்சி ஒன்றைக் குறித்துக் கொடுத்திருந்தேன், அதுவும் ஏழு மணி வரை நடப்பதாகப் பார்த்து. ஐந்து மணிக்கு வந்தவர்களிடம், எனக்கு ஒரு தங்கை, திண்டுக்கல்லில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்று சொன்னேன். பெண்ணைப் பிடித்துவிட்டது என்று அங்கேயே சொன்னார்கள்.

மறுநாள் எங்கள் பங்குக் கோயிலுக்கு அவளை அழைத்துப்போகவில்லை. தெரிந்தவர்கள் விசாரிப்பார்கள். வேறொரு கோயிலில் பூசை பார்த்துவிட்டு, நான் தேர்ந்தெடுத்த கடையில் பென்னே தோசைக்கு உட்கார்ந்தோம். வெண்ணெய் உருகி இலை ஓரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. அப்போது எங்கள் பங்கில் பாடகர் குழுவில் பாடுகிறவர் ஒருவர், பீன்யாவில் லேத் வேலை பார்த்து ஓய்ந்தவர், எங்கள் மேஜைக்கே வந்துவிட்டார். அவர் காலையில் பூசையில் என் மனைவியைப் பார்த்திருக்கிறார்.

"இன்னா சார், நேத்து மாப்ள வூட்டுக்காரங்க வந்து பொண்ணு புட்ச்சிருக்குன்னு சொல்ட்டாங்களாமே. வூட்ல சொன்னாங்க. ஸ்வீட் எல்லி சார்?" என்று பாதி கன்னடத்தில் ஸ்வீட் கேட்டுக் கை நீட்டினார். அப்புறம் தருகிறேன் என்றேன். அவர் தங்கைக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

அவள் தோசையைப் பாதியில் விடவில்லை. கடைசித் துண்டு வரை சாப்பிட்டாள், காபியைக் குடித்தாள், கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"பெயின்ட் காஞ்சிருச்சா அண்ணா?" என்றாள்.

பையன் நல்லவனா என்று கேட்டாள். நல்லவன் என்றேன். பாப்பாவுக்குப் பிடித்திருக்கிறதா என்றாள். பிடித்திருக்கிறது என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அறைக்குப் போய்விடலாமா என்று நான் கேட்டதற்கு, எதற்கு, மியூசியம் பாக்கி இருக்கிறதே என்றாள்.

கப்பன் பார்க்கை ஒட்டிய பழைய மியூசியத்தில் எல்லாக் கூடங்களையும் சுற்றினோம். முந்தின நாள் போல எதன் முன்னாலும் அவள் நிற்கவில்லை. வெளியே மரத்தடியில் உட்கார்ந்தபோது சாதாரணமாகக் கேட்டாள். "கல்யாணத்துக்கு வரணுமா, வேணாமா? அதையும் நீயே சொல்லிடு. லீவு கேக்கற வேலை எனக்கு இல்ல, ஆனா டிக்கெட் போடணும்."

வராமல் எப்படி என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று ஓலை வாசிப்பார்கள். அதற்குள் யாராவது எதையாவது கிளப்பினால் என்ன ஆகும் என்று ஒரு கணக்கு என் மனசில் ஓடியது. அது ஓடி முடிய எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? மூச்சு விடும் நேரம்தான். அது அவளுக்குப் போதும். "சரி," என்று எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு அவள் வரவில்லை. பத்திரிகையைத் தபாலில் அனுப்பியிருந்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் முழங்கால் வலி என்று சொன்னேன். அந்தப் பொய்யை மேடைக்குக் கீழே நின்று, சட்டையில் ரோஜா குத்திக்கொண்டு, எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ.

நாலாவது வருஷம் பேத்தி பிறந்தாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மகள் ஒருநாள் கேட்டாள், அத்தைக்கு என் மேல் என்ன கோபம், கல்யாணத்துக்கும் வரவில்லை, குழந்தையைப் பார்க்கவும் வரவில்லை என்று. முழங்கால் வலி என் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவள் தப்பு தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அதைக் கேட்ட பிறகு என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அழவில்லை, கத்தவில்லை. "என் பேரைச் சொல்லி இதைச் செஞ்சிருக்கீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா?" என்றாள். பிறகு, தன் மாமியாரிடமும் நானே சொல்ல வேண்டும் என்றாள். சொன்னேன். நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்று சம்பந்தியம்மா சொல்வார், நான் வெட்கப்பட்டுக்கொள்ளலாம் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் நேர்மையான மனுஷி. "அன்னிக்குப் பாத்திருந்தா நாங்க வேணாம்னு சொல்லியிருப்போமோ என்னமோ. இப்ப எப்படிச் சொல்றது? ஆனா நீங்க கூடப்பிறந்தவரு," என்றார்.

அடுத்த வாரம் திண்டுக்கல்லுக்குப் போனேன். தங்கை கதவைத் திறந்து, வா அண்ணா என்றாள். வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போன வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சுடு என்று மட்டும் சொன்னேன். சரி என்றாள். மீன் குழம்பு வைத்திருந்தாள். இரண்டாவது முறையும் சோறு போட்டாள். என் வீட்டுக்கு வந்து எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு என்றேன். பார்க்கலாம் என்றாள்.

நான் திரும்பிய பத்தாம் நாள் மகளும் குழந்தையோடு அங்கே போனாள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. பேத்திக்கு ஞானத்தாயாக நிற்கத் தங்கை ஒத்துக்கொண்டாள். ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில், சபை முழுவதும் பார்க்க, முழங்கை வரை வெளுத்த அந்தக் கைகளில்தான் குழந்தை இருந்தது. குருவானவர் தண்ணீர் ஊற்றியபோது அது வீறிட்டது. தங்கை அதன் காதில் ஏதோ சொன்னாள். என் மனைவி என் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. இரண்டு கிழவிகள் உற்றுப் பார்த்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. இதற்கு நான் எவ்வளவு பயந்திருக்கிறேன்.

விருந்து முடிந்ததும் அவளிடம் போய், வண்டி நிற்கிறது, இன்றைக்கு வீட்டுக்கு வா என்று கூப்பிட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சாச்சு அண்ணா. அது வேற. உன் வீட்டுக்கு வர்றது வேற. அதுக்கு எனக்கு மனசு வரல. வந்தா வர்றேன்."

இப்போது வருஷத்துக்கு இரண்டு முறையாவது பெங்களூருக்கு வருகிறாள். மகள் வீட்டில்தான் தங்குகிறாள். இரண்டு பேரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓவியக்கூடங்களுக்குப் போகிறார்கள், எங்கேயோ சாப்பிடுகிறார்கள். எனக்குப் பிறகுதான் தெரியவரும். திட்டமெல்லாம் மகள் போடுகிறாள். வந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அவள் போன் செய்வாள், அத்தை வந்திருக்கிறார்கள், வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று.

போன மாதமும் அப்படித்தான் கூப்பிட்டாள். பையப்பனஹள்ளியில் மெட்ரோ பிடித்துப் போனேன். தங்கை சோபாவில் உட்கார்ந்து பேத்திக்கு யானை வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து நகர்ந்து இடம் விட்டாள். ஒரு மணி நேரம் முட்டி வலி, சர்க்கரை மாத்திரை, செத்துப்போனவர்கள் என்று பேசினோம். உண்மையிலேயே அவளுக்கு இப்போது முழங்கால் வலி இருக்கிறது. ஆறு மணி ஆனதும் அவளே எழுந்து என் குடையை எடுத்துக்கொண்டுவந்து கொடுத்தாள். "கிளம்பு அண்ணா, ஆபீஸ் விடுற நேரம், அப்புறம் உனக்கு உக்கார இடம் கிடைக்காது," என்றாள். கிளம்பினேன்.