வயலின் வந்து சேரும்வரை சிம்பொனி

ரிங்லெட் மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் பழைய கிடங்கில், போன சனிக்கிழமை மூன்று மணிக்கு இசைக்குழுக் கச்சேரி. முதலில் தனி வயலினோடு இசைக்குழு வாசிக்கும் கான்செர்ட்டோ, இடைவேளைக்குப் பிறகு போர்க்காலத்தில் எழுதப்பட்ட ஒரு சிம்பொனி. டிக்கெட் நாற்பது ரிங்கிட். தனி வயலின் வாசிப்பவள் என் தங்கை கவிதா. மணிக்கட்டு முறிந்து எட்டு மாதம் வில்லையே தொடாதவளுக்கு இதுதான் முதல் மேடை.

அவளுடைய வயலின் ஈப்போவில் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தது. இரவல் வயலினோடு வியாழனே ஒத்திகைக்குப் போய்விட்டாள். "இந்த வயலின் கழுத்து தடியா இருக்குக்கா, பத்து நிமிஷத்துல கை வலிக்குது" என்று ஃபோனில் சொன்னாள். சொந்த வயலினைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு.

பத்தரைக்கு ஈப்போவை விட்டேன். தாப்பாவுக்கு ஒரு மணி நேரம். அங்கிருந்து ரிங்லெட் 45 கிலோமீட்டர், முழுக்க வளைவுகள். இன்னும் பத்து கிலோமீட்டர் இருக்கும்போது சாலைக்குக் குறுக்கே பெரிய மரம் விழுந்து கிடந்தது. கவிதாவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். அதோடு லைன் போய்விட்டது.

இரண்டரை வரை பொறுத்தேன். பிறகு காரை ஓரங்கட்டிவிட்டு, வயலின் பெட்டியை நெஞ்சோடு அணைத்து, கிளைகளுக்கடியில் குனிந்து அந்தப் பக்கம் போனேன். ஒரு லோரி திரும்பிக்கொண்டிருந்தது.

"தம்பி, ரிங்லெட் போவீங்களா?"

"மேல திரிங்காப்லேருந்து பூ ஏத்திட்டு வந்தேங்க்கா. ரோடு அடைச்சிருச்சு, திரும்பித்தான் போவணும். பொட்டில என்னா?"

"வயலின். மூணு மணிக்குக் கச்சேரி."

"அய்யோ, ஏறுங்க லா!"

மூன்று இருபத்தைந்துக்குக் கிடங்கு வாசலில் இறங்கினோம். உள்ளே முரசு அதிர்ந்துகொண்டிருந்தது. தொடங்கிவிட்டார்கள். இரவல் வயலினோடு அவள் கை என்ன பாடுபடுகிறதோ என்று நினைத்தபடி கதவை நோக்கி ஓடினேன். டிக்கெட் கிழித்த பெண் பெட்டியைப் பார்த்ததும் எழுந்தாள்.

"கவிதாவோட அக்காவா? ஒங்க மெசேஜ் பாத்துட்டு சிம்பொனிய முதல்ல வச்சிட்டாங்க. இன்னும் முக்கா மணி நேரம் ஓடும். ஒக்காருங்க."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இடைவேளையில் ஓடிவந்த கவிதா முதலில் பெட்டியைத் திறந்தாள், அப்புறம்தான் என்னைக் கட்டிக்கொண்டாள். குளிரில் தந்திகள் இறங்கியிருந்தன. சுருதி சேர்க்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

கான்செர்ட்டோ முழுக்க நான் அவள் மணிக்கட்டை மட்டுமே பார்த்தேன். மெதுவான பகுதியில் ஒரே ஸ்வரத்தை நீளமாக இழுக்கும் இடம் வந்தது. கை நடுங்கவில்லை. நான் மூச்சுவிட்டேன்.

லோரிக்காரத் தம்பி சுவரோரம் நின்றிருந்தார். "ரோடு தொறந்துட்டாங்களாம்" என்றேன் மெதுவாக.

"இருக்கட்டுங்க்கா. அவங்க முடிக்கட்டும்."

மலையில் கச்சேரி கேட்கப் போகிறவர்கள் முதல் நாளே ஏறிவிடுங்கள். தடித்த ஜாக்கெட் அவசியம், கிடங்கில் ஈரக்குளிர். மழைக்காலத்தில் தாப்பா சாலையை நம்பி நேரம் குறிக்காதீர்கள். சிம்பொனி எப்படி இருந்தது என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது, வெளியே படியில் உட்கார்ந்து பாதிதான் கேட்டேன். ஆனால் ஓர் இசை இவ்வளவு நீளமாக இருப்பதற்காக நான் நன்றி சொன்னது அன்றைக்குத்தான்.