ஊறுகாய்க்கு வாங்கிய ஆஸ்பிரின்

தன் வாழ்நாளில் மருந்து என்று ஒன்றைத் தொட்டதில்லை என்பது சாப்ரியனின் பெருமை. அசெனோவ்கிராட் என்ற ஊரிலிருந்து மலைக் கிராமங்களுக்கு முப்பத்தொரு வருஷமாகப் பேருந்து ஓட்டினார். சளி பிடித்தால் சாராயத்தைச் சுடவைத்துக் குடிப்பார். சளி போகாது, கவலை போய்விடும்.

அந்த அக்டோபரில் அவருடைய பேருந்துக்குள் ஒரு சில்வண்டு புகுந்தது. அப்படித்தான் அவர் நினைத்தார். இருக்கைகளைக் கழற்றித் தேடினார், பூச்சிமருந்து அடித்தார். பயணிகள்தான் தும்மினார்கள். இரவில் அதே வண்டு படுக்கையறையிலும் கத்தவே, மனைவி வேலிகாவின் வால்நட் மூட்டைமேல் சந்தேகம் போனது.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையேய்யா. வண்டு உன் மண்டைக்குள்ளதான் குடியிருக்கு."

"என் மண்டையில அதுக்கு என்ன வேலை?"

"அதான், காலியா இருக்கேன்னு வந்திருக்கும்."

வண்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு வாரத்தில் பயணிகள் அழுத்தும் மணியும் காதில் விழாமல் போயிற்று. இரண்டு நிறுத்தம் தாண்டி இறக்கிவிடப்பட்ட பேனா என்ற கிழவி, கையில் கோழிக்கூடையோடு கத்தினாள்: "ஏம்ப்பா, காதைக் கழட்டி வீட்ல வெச்சுட்டு வந்தியா? இந்த ஏத்தத்துல யாரு நடப்பா, உங்கப்பனா?"

பணிமனைக்குப் புகார் போனது. செவிப் பரிசோதனையில் தேறிச் சான்றிதழ் கொண்டுவந்தால்தான் இனி வண்டியைத் தொடலாம் என்றார்கள். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. வண்டி ஓட்டாத சாப்ரியனை வேலிகாவாலேயே கற்பனை செய்ய முடியவில்லை. பகல் முழுக்க அவரை வீட்டில் வைத்துச் சமாளிப்பதை நினைத்து அவளும் பயந்தாள்.

காது மருத்துவர் நெடெல்சேவா சின்னப் பெண். காதில் ஹெட்போனை மாட்டிச் சோதித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"ரெண்டு காதும் மந்தமா இருக்கு அண்ணே. ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

"நானா? மருந்துக்கடை எந்தத் தெருவுலன்னுகூடத் தெரியாது."

"அப்போ இன்ஜின் சத்தம்தான் காரணமோ என்னவோ. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க, இன்னொரு தடவை பாத்துட்டு முடிவு பண்றேன்."

அவர் வீடு திரும்பியபோது வேலிகா ஊறுகாய் போட்டுக்கொண்டிருந்தாள். காலிஃப்ளவர், காரட், மிளகாய் எல்லாம் ஜாடிகளில் ஏறியிருந்தன. குளிர்காலம் முழுக்கக் கெடாமலிருக்க ஜாடிக்கு ஒரு ஆஸ்பிரின் நுணுக்கிப் போடுவது அந்த ஊர் வழக்கம். உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த மாத்திரைப் பெட்டியைத் திறந்தவள் அதிர்ந்துபோனாள்.

"நூறு மாத்திரை வாங்கி வெச்சேன், ஆறுதான் இருக்கு! எலியா தின்னுச்சு?"

"முழங்கால் வலிச்சுது. காலையில மூணு, மத்தியானம் மூணு, ராத்திரி மூணு..."

"அடப்பாவி மனுஷா! டாக்டர்கிட்ட மருந்தே தொட்டதில்லன்னியே!"

"இது மருந்தா? ஊறுகாய்க்குப் போடறதுதானே!"

வேலிகா உடனே மருத்துவருக்குப் போன் போட்டாள். மருத்துவர் சிரித்த சிரிப்பு போனைத் தாண்டிச் சாப்ரியனுக்கே கேட்டது. அப்புறம் அதட்டல் வந்தது. இவ்வளவு ஆஸ்பிரின் விழுங்கினால் காது இரையும், மந்தமாகும், வயிற்றில் ரத்தம்கூடக் கசியும். இன்றோடு நிறுத்துங்கள், காது பெரும்பாலும் பழையபடி கேட்கும் என்றாள்.

ஐந்தாம் நாள் வண்டு ஓய்ந்தது. அந்த அமைதியில் அவருக்குத் தூக்கம் வரவில்லை என்று வேலிகா பிறகு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

இரண்டாம் பரிசோதனையில் வலது காது நன்றாகவே தேறியது. இடது காது கீச்சுச் சத்தங்களைத் தவறவிட்டது.

"இது ஆஸ்பிரின் வேலையில்ல அண்ணே. முப்பது வருஷமா இடது பக்கம் உக்காந்து ஜன்னலத் திறந்து போட்டு ஓட்டினீங்கல்ல, இன்ஜினும் காத்தும் சேந்து தின்னது. இது திரும்பாது. இனியாவது ஜன்னல மூடிட்டு ஓட்டுங்க."

"ஓட்டலாமா?"

"ஓட்டலாம். வருஷா வருஷம் என்கிட்ட வரணும்." கையெழுத்துப் போடப் போனவள் நிறுத்தினாள். "ஆமா, முழங்கால் இப்ப எப்படி இருக்கு?"

சாப்ரியன் எழுந்து நிற்க முயன்றார். வலியில் கண் கலங்கியது. மேசையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"சான்றிதழ்ல முழங்காலப் பத்தி ஏதாவது எழுதணுமா?"

"அது என் வேலையில்ல. நான் காது டாக்டர்."

"அப்போ கையெழுத்தப் போடும்மா. காது நல்லா இருக்கு."