காப்பில்லாத கை

லோஜினி பிறந்ததிலிருந்தே பயந்தாங்கொள்ளி. அட்டைக்குப் பயம், சிறுத்தைக்குப் பயம், அடைமழை பிடித்தால் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னாலிருக்கும் மண்மேடு சரிந்துவிடுமோ என்று பயம். தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் குழந்தைகளைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு. ஒரு குழந்தை கொஞ்சம் கூடுதலாகத் தூங்கிவிட்டால் போதும், மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். "டீச்சரு புள்ளைகள நிம்மதியா தூங்கக்கூட விடாது" என்று தோட்டமே கிண்டல் பண்ணும். அப்படிப்பட்டவள் போன மாசியில் காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டினாள் என்று சொன்னால் நோர்வூட் பக்கத்தில் பாதிப்பேர் இன்றைக்கும் நம்பமாட்டார்கள்.

ரதி வேஷம் ஆம்பிளைகள் கட்டுவதுதான் வழக்கம். லோஜினியின் அப்பா மூக்கன் சாகும்வரை அவர்தான் அந்தத் தோட்டத்து ரதி. அவர் போனபின் வேஷம் கட்ட ஆளில்லை. இளவட்டங்கள் எல்லாம் கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டார்கள். கூத்து மாஸ்டர் அழகுமுத்து நேரே வீட்டுக்கு வந்து நின்றார். "பாட்டெல்லாம் ஒனக்குத்தான் தாயி பாடம். பொம்பளப்புள்ள கட்டக்கூடாதுன்னு எந்தச் சாமி சொல்லிச்சு?" என்றார். அம்மா காளியாயி யோசிக்காமல் தலையாட்டிவிட்டாள். மன்மதனாக நின்றவன் கஜேந்திரன். லோஜினியோடு ஒரே வகுப்பில் படித்தவன், கொழும்பில் இரும்புக்கடையில் வேலை, கூத்துக்கென்று லீவு போட்டு வந்திருந்தான்.

கூத்தென்றால் வெறும் ஆட்டம் இல்லை. கம்பம் நட்ட அன்றே இருவர் கையிலும் மஞ்சள் கயிற்றுக் காப்பைக் கட்டிவிடுவார்கள். காப்பு ஏறியபின் அவர்களைப் பேர் சொல்லி யாரும் கூப்பிடமாட்டார்கள்; காமன், ரதி, அவ்வளவுதான். மாரியம்மன் கோயில் வாசலில் தப்பு முழங்க, தோட்டமே சுற்றி நிற்க, காமன் ரதிக்குத் தாலி கட்டுவான். பௌர்ணமியன்று சிவனின் கோபத்தில் காமன் எரிவான். ரதியின் பூவையும் தாலியையும் எடுத்துவிடுவார்கள். மூன்றாம் நாள் காமனை உயிரெழுப்பி, தாலியைத் திரும்பக் கட்டுவார்கள்.

அந்தத் தடவை மூன்றாம் நாள் காலையில் மேட்டு லயத்தில் ஒரு கிழவர் செத்துப்போனார். தீட்டு. கோயிலைச் சாத்திவிட்டார்கள். "அடுத்த மாசியில சேத்துச் செஞ்சுக்கலாம்" என்று மாஸ்டர் காப்பை அறுத்து ஆற்றில் விட்டார். கஜேந்திரன் மறுநாளே கொழும்பு பஸ் ஏறிவிட்டான். எழுப்பாமல் விட்ட காமனை அதோடு எல்லோரும் மறந்துபோனார்கள்.

ஆவணியில் லோஜினிக்குப் பரிசம் போட்டார்கள். மாப்பிள்ளை திலக்ஷன், நோர்வூட் டவுனில் ஆட்டோ ஓட்டுகிறவன், வாய் ஓயாமல் சிரிக்கிற ஆள். தையில் கல்யாணம். அவளுக்கு அவனை ரொம்பப் பிடித்திருந்தது, பிடித்த பொருள் எப்போது கைநழுவுமோ என்று அதற்கும் ஒரு பயம். ஐப்பசி மழையில் வளைவொன்றில் அவன் ஆட்டோ குடைசாய்ந்தது. கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டார்கள்.

மறுநாள் குழந்தையைக் கூட்டிப்போக வந்த ஒருத்தி வாசலில் நின்றபடி சொன்னாள்: "ரதிக்கு எடுத்த தாலியத் திரும்பக் கட்டவே இல்லியே டீச்சர். தாலியிழந்தவளுக்கு இன்னொரு தாலின்னா, வர்றவனுக்குல்ல அது ஆகாது?" கெட்ட மனசோடு சொன்னதில்லை அது, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் போனாள். லோஜினிக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. காலோடு போனது, அடுத்தது உயிரா?

அழகுமுத்து மாஸ்டரிடம் ஓடினாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அடி கோட்டிக்காரி! ஒனக்குத் தாலி கட்டுனது கஜேந்திரனா? காப்பு கட்டுன கையி தாயி அது. சாமி கை. காப்பு இருக்கிறவரைக்கும் காமன் கட்டுனது, ரதி வாங்குனது. ஒனக்கும் அதுக்கும் என்னா சம்பந்தம்?"

"காப்பு இல்லாமப் போயிருந்தா மாஸ்டர்?"

"இல்லாம எப்புடி? நாந்தான கட்டுனேன்!"

ஆறுதல் தேடிப் போனவளுக்கு அந்த ஆறுதலே புதுப் பயமாகிவிட்டது. ஏனென்றால் அவள் பார்த்திருந்தாள். தாலி கட்டும்போது ஜிகினா கோட்டின் கை மேலே ஏறி, கஜேந்திரனின் மணிக்கட்டு அவள் கண்ணுக்கு நேரே வந்தது. காப்பு இல்லை. மேலே சுருண்டிருக்கும் என்று அப்போது நினைத்துக்கொண்டாள். இப்போது அந்த வெறுங்கை கண்ணை விட்டுப் போக மறுத்தது. காப்பு இல்லையென்றால் அது சாமி கை இல்லை. கஜேந்திரன் கை.

வீட்டில் அடுப்படியில் இருந்த காளியாயியிடம் மெல்லக் கேட்டாள். "அம்மா, எது இருந்தா கல்யாணம் ஆனதாக் கணக்கு?"

"என்னடி கேள்வி இது? எனக்கும் ஒங்கப்பாவுக்கும் ஐயரா வந்தாரு? ஓமமா வளத்தாங்க? அம்மன் வாசல்ல, நாலு பேரு பாக்கக் கட்டுனாரு. சாகுறவரைக்கும் அவருதான் புருஷன். அதுக்கு மேல என்னா வேணும்?"

அதே அம்மன். அதே வாசல். பார்த்தது நாலு பேரில்லை, தோட்டமே பார்த்தது. அப்படியானால் தையில் கழுத்தை நீட்டுவது யாருடைய பெண்சாதி?

மத்தியானம் குழந்தைகள் தூங்கியதும், தேயிலை ஸ்டோருக்கு மேலே சிக்னல் கிடைக்கிற வளைவுக்குப் போய்க் கஜேந்திரனை அழைத்தாள். நலம்கூட விசாரிக்கவில்லை.

"கஜேன், அன்னைக்கு ஒன் கையில காப்பு இருந்துச்சா?"

"பாத்துட்டியா? நாந்தான் கழட்டி மடியில வச்சுக்கிட்டேன், லோஜி. முடிஞ்சதும் திரும்ப மாட்டிக்கிட்டேன். சாமி பேருல ஒனக்குத் தாலி கட்ட எனக்கு மனசு வரல. நானாத்தான் கட்டுனேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டிருந்தா பயந்து ஓடிருப்ப. ஒனக்குப் பரிசம் போட்டது நேத்துதான் தெரியும். தைக்கு முன்னால வந்து கோயில்ல வச்சுச் சொல்லப்போறேன். கட்டுனது கட்டுனதுதான்."

அவள் பக்கத்துத் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டாள். சொன்னால் செய்கிறவன் அவன். தோட்டமும் நம்பும், அம்மாவே நம்புவாள். திலக்ஷன் கட்டுப்போட்ட காலோடு எங்கோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். போனைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாள். அன்று மாஸ்டர் இறுக்கிக் கட்டிய காப்பு உறுத்திக்கொண்டே இருந்தது ஞாபகம் வந்தது. குளிக்கும்போதுகூட அதை அவள் தொடவில்லை. தொட்டால் சாமி குற்றமாகிவிடுமோ என்ற பயம்.

"என் கையில காப்பு இருந்துச்சு கஜேன்."

"அதுக்கென்ன?"

"நீ கழட்டிட்ட, நான் கழட்டல. அன்னைக்குத் தலையக் குனிஞ்சது ரதி. லோஜினி இல்ல. லோஜினிய நீ கேக்கவும் இல்ல, அவ சரின்னு சொல்லவும் இல்ல. நீ ரதிக்குத்தான் தாலி கட்டுன."

"சும்மா எதையாவது பேசாத."

"தாலியிழந்ததும் ரதிதான், நான் இல்ல. கட்டுனது நீதான்னா நீ அவ புருஷன்; அவ புருஷன அன்னைக்கே எரிச்சாச்சு." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. "இன்னும் எழுப்பவே இல்லயே, கஜேன்."

அந்தப் பக்கம் லாரியிலிருந்து இரும்புக் கம்பி இறக்கும் ஓசை மட்டும் வந்தது. கொழும்புக்குப் போனால் என்ன, அவனும் அதே லயத்தில், அதே தப்புச் சத்தத்தில் வளர்ந்தவன்தானே. திரும்பப் பேசியபோது அவன் குரல் சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது.

"லோஜி… உயிரெழுப்புறது எப்பன்னு மாஸ்டர் சொன்னாரா?"

"மாசியிலதான். என் கல்யாணம் முடிஞ்சப்புறம்."

"நான் வந்திர்றேன். நீதான ரதி கட்டுவ? நீ இல்லாம ஆகாதுல்ல?"

அவன்மேல் அவளுக்கு ஆத்திரம்தான். ஆனாலும் அந்தப் பயம் எப்படிப் பிடித்து உலுக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? பாவமாக இருந்தது.

"கட்டுறேன். நீ காப்பக் கழட்டாம இரு" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

உடனே திலக்ஷனை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எடுத்து, "கட்டுக்குள்ள ஒரே அரிப்பா இருக்கு புள்ள" என்று சிணுங்கும்வரை அவள் மூச்சு விடவில்லை.