‘போய்விட்டார்’ என்றால்

எமர்ஜென்சியில் சோஷியல் வொர்க்கருக்கு என்ன வேலை என்று என் வீட்டாருக்கே இன்னும் சரியாகத் தெரியாது. லிங்கராஜபுரத்தில் எங்கள் சர்ச்சில் யாராவது கேட்டால், “ஆஸ்பத்திரியில ஆபீசர்” என்று சொல்லி அம்மா பேச்சை முடித்துவிடுவார். டாக்டர்களுக்கு மட்டும் என் வேலை நன்றாகத் தெரியும். “மேடம், அட்டெண்டருக்குக் கொஞ்சம் கவுன்சலிங் பண்ணிடுங்க” என்பார்கள். நோயாளியோடு வந்தவர்தான் அட்டெண்டர். கவுன்சலிங் என்றால் ஆள் பிழைக்கமாட்டார் என்று பொருள். அதை வாயால் சொல்ல அவர்களுக்கு வராது, என் தலையில் கட்டிவிடுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் நான்தான் சொல்வேன், ஏனென்றால் எனக்கு அதில் ஒரு கறார் உண்டு. செத்துப்போனவரைச் செத்துப்போனார் என்றே சொல்லவேண்டும். தவறிட்டார், காலமாயிட்டார், சாமிகிட்ட போயிட்டார் எதுவும் கூடாது. கேட்கிறவர் காதில் அந்த நேரத்தில் பாதிதான் விழும். விழுகிற பாதி தெளிவாக இருக்கட்டும்.

அன்றைக்குக் காலையில் வந்தவள் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பிஜி ஹாஸ்டலில் சமையல் செய்கிறவள். கிருஷ்ணகிரிப் பக்கம். பெயின்டர் வேலை பார்க்கும் கணவன் ஒரு அபார்ட்மென்ட்டின் வெளிச்சுவரில் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். தலையில் அடி. எங்களிடம் வருவதற்குள் இரண்டு இடங்களில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஒரு இடத்தில் ஸ்கேன் ரிப்பேர், இன்னொரு இடத்தில் பெட் இல்லை. எங்களிடம் பெட் இருந்தது, மூச்சுக்குழாய் போட ஆள் இருந்தது, மூளையைத் திறக்கிற டாக்டர் இல்லை. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. இந்த ஊரில் இதுதான் நடக்கிறது.

அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். நகரத்துக்குள் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லி, “அங்க பெட் கேட்டுக்கிட்டிருக்கேன். கிடைச்சா உடனே அனுப்பிடுவோம்மா” என்றேன்.

“கெடைக்குமா மேடம்? காலையிலேர்ந்து எல்லாரும் போங்க போங்கன்றாங்க.”

“கேக்கறேன், இருங்க.”

என் அறைக்குப் போய் போனைப் பிடித்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஹோல்டில் போட்ட பாட்டைக் கேட்டுக்கொண்டே காத்திருந்தேன், கெஞ்சினேன், ஒருமுறை கத்தினேன். கடைசியில் ஒரு பெண் குரல், “ஒரு பெட் வைக்கிறோம், சீக்கிரம் அனுப்புங்க” என்றது. அவன் பெயரைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னேன். வேலையில் சந்தோஷப்படுகிற நேரம் அபூர்வம். அன்றைக்குச் சந்தோஷமாகவே ஓடிவந்தேன். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது.

டியூட்டி டாக்டர் வேறொரு கேஸைப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். ஹாசன் ஊர்ப் பக்கத்துக் கன்னடப் பையன், பூப்போலப் பேசுகிறவர். பெயின்டருக்கு இதயம் நின்றுவிட்டது, அழுத்திப் பார்த்தும் திரும்பவில்லை என்றார். வெளியே போய் மனைவியிடம் சொல்லிவிட்டாராம்.

“என்ன சொன்னீங்க?”

“ஹோக்பிட்ரு அம்மா, அந்த்த ஹேள்தே.”

போய்விட்டார் அம்மா என்று சொல்லியிருக்கிறார். கன்னடத்திலும் தமிழிலும் இந்த மரியாதை ஒன்றுதான். அவர் வேறு எப்படிச் சொல்வார், வீட்டில் பெரியவர்கள் அப்படித்தானே சொல்லியிருப்பார்கள். ஆனால் அவளுக்குத் தெரிந்தது பஸ்ஸிலும் மார்க்கெட்டிலும் கற்றுக்கொண்ட கன்னடம். அதில் போவது என்றால் போவதுதான். அதிலும் காலையிலிருந்து புருஷனை ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். சொன்னதும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள் என்றார் டாக்டர். தாங்கமுடியாமல் ஓடுகிறாள் என்று நினைத்துக்கொண்டாராம். அடுத்த கேஸ் வந்துவிட்டதால் பின்னால் போகவில்லை. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அவர் முகத்தைப் பார்த்ததும் திட்டவும் முடியவில்லை.

போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“மேடம், நான் ஆட்டோ புடிச்சு வந்துட்டேன் மேடம். பேரு சொன்னேன், இருக்குன்னுட்டாங்க. பெட்டு ரெடியா இருக்கு. வண்டிதான் இன்னும் வரல. சில்க் போர்டு டிராஃபிக்குல மாட்டிக்கிச்சா?”

சாவை போனில் சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலின் விதி. தனியாக நிற்கிறவளிடம் சொன்னால் விழுந்தாலும் பிடிக்க ஆள் இருக்காது. “நீங்க திரும்பி இங்க வாங்கம்மா” என்றேன்.

“ஐயோ, நான் வந்துட்டா பெட்டை வேற யாருக்காவது குடுத்துடுவாங்க மேடம். வெளிய எத்தினி பேரு நிக்கிறாங்க தெரியுமா? நான் நவுர மாட்டேன். நீங்க டிரைவருக்கு போனு போடுங்க.”

கட் பண்ணிவிட்டாள்.

ஆட்டோவில் போனேன். வழியெல்லாம் யார் மேலோ கோபமாக இருந்தது. விழுந்தவனுக்குச் சேஃப்டி பெல்ட் கொடுக்காத மேஸ்திரி மேல், ரிப்பேரான ஸ்கேன் மேல், மென்மையான சொல் தேடுகிற எல்லோர் மேலும். எப்படித் தொடங்குவது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். எதுவும் சரிவரவில்லை.

அந்த ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சியில் கடைசி மூலையில் அவள் நின்றிருந்தாள். புது விரிப்பு போட்ட கட்டில். அதன் நடுவில் தன் பையை வைத்து, ஒரு கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. எனக்குப் பின்னால் ஸ்ட்ரெச்சர் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

தோளைப் பிடித்துக்கொண்டேன். “உங்க வீட்டுக்காரர் செத்துட்டாரும்மா. எங்க ஆஸ்பத்திரியிலேயே செத்துட்டார். அவரை இங்க யாரும் அனுப்பல.”

“இல்ல மேடம். போயிட்டாருன்னு டாக்டரு சொன்னாரு.”

“செத்துட்டாருன்னுதான்மா அவர் அப்படிச் சொன்னாரு.”

அவள் மறுபடி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். திரும்பவும் சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லவேண்டி வந்தபோது என் குரல் உடைந்துவிட்டது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். அவள் உட்காரவில்லை, கத்தவும் இல்லை. கம்பியைப் பிடித்த கையை மட்டும் எடுக்கவில்லை.

ஒரு நர்ஸ் வேகமாக வந்தார். வாசலில் யாரோ ஒரு பெரியவர் ஸ்ட்ரெச்சரில் கிடந்தார், அவருடைய மகள் எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். “பேஷண்ட் எல்லி? இன்னும் எஷ்டொத்து?” என்று நர்ஸ் கேட்டார். ஆள் எங்கே, இன்னும் எவ்வளவு நேரம் என்று. பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கட்டிலிலிருந்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். விரிப்பில் பை பதிந்த இடத்தைக் கையால் நீவிவிட்டாள்.

“அவரு பரல்ல சிஸ்டர்” என்றாள், அவர் வரமாட்டார் என்று, தனக்குத் தெரிந்த கன்னடத்தில். “அவங்களுக்குக் குடுத்துடுங்க.”