இரைச்சல் வகுப்பு

இங்கிலாந்தில் ஆசிரியர் பயிற்சி முடித்து, எண்பதுகளில் திண்டிவனத்துப் பள்ளிக்குத் திரும்பினேன். பயிற்சியில் கற்றதில் எனக்குப் பிடித்தது, வாத்தியார் வாயை மூடிக்கொள்வது. பிள்ளைகளைக் கண்டக்டரும் பயணியுமாக ஜோடி சேர்த்து, ஆங்கிலத்தில் பேசவிட்டேன்.

எங்கள் பள்ளியில் இரைச்சல் கேட்டால் வாத்தியார் லீவு என்று அர்த்தம். தலைமையாசிரியர் டிரில் மாஸ்டரைப் பிரம்போடு அனுப்பிவிட்டார். வந்தவர் என்னைப் பார்த்துத் திகைத்தார்.

"சார், நீங்க இருந்துக்கினேவா இவ்ளோ சத்தம்?"

நான் பதில் சொல்வதற்குள், கண்டக்டராக இருந்த சிறுமி அவர் எங்கே போக வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டாள். அவர் பிரம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"வளவனூர், ஒன் டிக்கெட்."

மறுநாளும் அதே இரைச்சல். யாரும் அனுப்பாமலே வந்த டிரில் மாஸ்டர், வெறுங்கையோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கண்டக்டருக்காகக் காத்திருந்தார்.