மிளகாய் போடாத குழம்பு

"எப்பலேர்ந்து காரம் பட்டா எரியுது?" என்று கேட்டாள் அந்தப் பல் டாக்டர் பெண்.

மகன் வேலை செய்யும் ஒரகடம் தொழிற்சாலையில், தொழிலாளர் குடும்பங்களுக்கென்று நடத்திய மருத்துவ முகாம் அது. டார்ச் அடித்து என் கன்னத்தின் உள்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறதாம். துளி சதை எடுத்துச் சோதிக்க வேண்டுமாம். அதற்கு முன்னால் இந்தக் கேள்வி. பக்கத்தில் மருமகள் நின்றிருந்தாள். நான் திறந்த வாயை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.

மாதக்கணக்கில் எரிகிறது. மருமகள் சமையலில் குறை சொன்னதாக ஆகிவிடக் கூடாதே என்று, சாம்பார் சோற்றிலும் மோரை ஊற்றிப் பிசைந்து விழுங்கிக்கொண்டிருந்தேன். இத்தனைக்கும் முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவன். என்மேல் எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. ஏனென்றால் இதே கேள்வியை வேறொரு டாக்டர் கேட்டு, அதற்கு நான் பதில் சொன்ன நாள் ஒன்று உண்டு. அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் அப்பாவும் சித்தப்பாவும் ஒன்றாக இருந்தார்கள். நிலம் ஒன்று, அடுப்பு ஒன்று. சமையல் அம்மா கையில். சித்திக்கு மாடும் கழனியும். சித்தப்பா எப்போதும் கன்னத்தில் புகையிலை அடக்கியிருப்பார். காலையில் அடக்கினால் மத்தியானச் சோற்றுக்குத்தான் துப்புவார். அவர் வாய் புண்ணாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றாததற்குக் காரணமே, அந்த வாயை யாரும் காலியாகப் பார்த்ததில்லை என்பதுதான்.

ஒருநாள் சாப்பிடும்போது, "அண்ணி, கொழம்பு காரமா கீது" என்றார்.

எங்கள் பக்கத்தில் கொழுந்தன் அண்ணியின் குழம்பைக் குறை சொன்னால், அது குழம்பைப் பற்றிய பேச்சு அல்ல. தனி உலை வைக்கப் போகிறான் என்று அர்த்தம். தனி உலை என்றால் அடுத்தது பாகப்பிரிவினை. சித்தப்பா சொன்னது ஒரே ஒரு வாக்கியம். அதற்குள் அப்பா ஏரிப்பாசன நிலம் யாருக்கு, மேட்டு நிலம் யாருக்கு என்று மனசுக்குள் வரப்பு போட ஆரம்பித்துவிட்டார். தூண்டிவிட்டது சித்தி என்று அம்மா முடிவு கட்டினாள். ஒன்றும் அறியாத சித்தி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் சாக்கில் போய் அழுதுவிட்டு வருவாள்.

அம்மா மிளகாயைக் குறைத்தாள். காரம் என்றார். பாதியாக்கினாள். அப்போதும் காரம். ரசம் காரம், துவையல் காரம், கடைசியில் தக்காளி போட்ட எதுவும் காரம். அவருக்காக நாங்கள் எல்லோரும் சப்பென்று சாப்பிட்டு நாக்கு செத்துப்போனோம். "இன்னாத்த போட்டாலும் காரம்ன்றாரு. தண்ணிய காய்ச்சி ஊத்தட்டுமா?" என்று அம்மா பாத்திரங்களோடு பேசினாள். "வேணும்னா வாயத் தொறந்து கேக்கச் சொல்லு, பாகம் பிரிச்சிக் குடுத்துடறேன்" என்று அப்பா எருமையிடம் சொன்னார். வாயைத் திற, பார்க்கலாம் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

ஆடி மாதத்தில் அம்மா ஒரு யோசனை செய்தாள். ஒரு மிளகாய்கூடப் போடாமல், தக்காளியும் புளியும் மஞ்சளும் சேர்த்துச் சிவப்பாகக் குழம்பு வைத்தாள். மிளகாய் டப்பாவைத் தொடவில்லை என்பதற்கு நான் சாட்சி. அடுப்படியிலேயே உட்காரவைத்து ருசி பார்க்கவும் வைத்தாள். பங்காளி வீட்டுப் பெரியப்பாவையும் அன்று சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். வழக்கு என்று வந்தால் பெரிய மனிதர் ஒருவர் இருக்க வேண்டுமே.

சித்தப்பா முதல் கவளத்தை வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னொரு கவளம் எடுத்து, வைக்காமல் இலையிலேயே போட்டார். "இன்னிக்கும் காரம்தான் அண்ணி."

இதற்காகத்தான் நான் காத்திருந்தேன். "மொளகாயே போடல சித்தப்பா! நான் கூடவே இருந்து பாத்தேன்" என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. என்னைத்தான் பார்த்தார். "போடலியா? அப்போ இன்னாத்துக்குடா எரியுது?"

"வயிறு எரியுது உனக்கு, வேற இன்னா?" என்றார் அப்பா.

பெரியப்பாவுக்குப் புரை ஏறும் அளவுக்குச் சிரிப்பு. அம்மா கதவுக்குப் பின்னால் சிரித்தாள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான். சித்தப்பா எழுந்துபோய்க் கை கழுவினார். சித்தி அவர் இலையை எடுத்துக்கொண்டு போனாள்.

அதன் பிறகு அவர் காரம் என்று சொன்னதே இல்லை. போட்டதில் மோரை ஊற்றிக் கரைத்துக் குடித்தார். கொஞ்ச நாளில், பசியில்லை என்றார். ஆளைத் திருத்திவிட்டோம் என்று வீடு நிம்மதியாக இருந்தது. மிளகாய் பழையபடி குழம்புக்குத் திரும்பியது.

பொங்கலுக்கு நான் கரும்பைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன். ஒவ்வொரு வருடமும் அவர்தான் பல்லால் தோலை உரித்துத் தருவார். அந்த வருடம் முடியாது என்றார். நான் விடவில்லை, காலைக் கட்டிக்கொண்டு அடம் பிடித்தேன். கடைசியில் கரும்பை வாங்கி வாய்க்குக் கொண்டுபோனார். வாய் ஒரு விரல் அளவுக்குமேல் திறக்கவில்லை. கரும்பு பல்லில் இடித்துக்கொண்டு நின்றது. மாட்டுக் கொம்புக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்த அப்பா அதைப் பார்த்துவிட்டார். கிட்டே வந்து தம்பியின் முகத்தைச் சூரியனுக்குத் திருப்பினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சட்டையை மாட்டினார்.

மறுநாள் அப்பா, அம்மா, சித்தி எல்லோருமாகச் சித்தப்பாவை வாலாஜாபாத் டாக்டரிடம் பஸ்ஸில் கூட்டிப்போனார்கள். பஸ் ஆசையில் அழுது, நானும் ஒட்டிக்கொண்டேன். டாக்டர் கரண்டியால் சித்தப்பாவின் கன்னத்தை ஒதுக்கி, நெடுநேரம் பார்த்தார். காஞ்சிபுரத்துக்கோ சென்னைக்கோ கொண்டுபோக வேண்டும் என்றார். பிறகுதான் கேட்டார், காரம் எப்போதிலிருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். பெரியவர்கள் யாருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, வகுப்பில் எழுந்து நிற்பதுபோல் நின்று நான் சொன்னேன்: "ஆடி மாசமே சார். மொளகாயே போடாத கொழம்புக்கு எரியுதுன்னாரு. நான்தான் சாட்சி."

டாக்டர் சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா, புள்ள சரியாத்தான் சொல்லுது" என்றார் சித்தப்பா, திறக்காத வாயால்.

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அடுத்த ஆடிக்குச் சித்தப்பா இல்லை. அதெல்லாம் பிறகு. அன்று திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா சித்தப்பாவின் தோளை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். அம்மா சித்தியின் கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள். ஒரு டாக்டரே கேட்ட கேள்விக்கு நான் மட்டும் சரியான பதில் சொல்லியும், இவர்களில் ஒருவர்கூட ஏன் என்னைப் பாராட்டவில்லை என்று வீடு வரும்வரை எனக்குக் கோபம் ஆறவில்லை.